குடும்பத்தோடு மலை ஏறப் போகிறோம்: யார் தோளில் எவ்வளவு?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர், ஜூன் 8)

ஆகஸ்ட் முதல் வாரம் உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் இரண்டு பெரிய பைகளில் அடைத்துக் கோவேறு கழுதை மேல் ஏற்றிவிட்டுக் கைவீசி நடந்தால் போதும் என்கிறார் நண்பர். பிள்ளைகள் எதையும் சுமக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். சரிதானே?

ஜூன் 9, காலை

சரியில்லை. பிள்ளைகளும் சுமக்க வேண்டும். கொஞ்சமாகத்தான், ஆனால் கட்டாயம்.

புல்னாவில் ஜீப்பை விட்டு இறங்கினால், பள்ளத்தாக்குக்கு முன்னால் தங்கும் ஊரான காங்கரியா வரைக்கும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஏற்றம். குடும்பமாகக் கிளம்புவீர்கள், குடும்பமாக நடக்கமாட்டீர்கள். பெரியவள் முன்னால் ஓடிவிடுவாள், சின்னவன் ஒவ்வொரு ஓடையிலும் நிற்பான், அவனோடு ஒருவர் நிற்க வேண்டும், குதிரையில் வரும் பாட்டி எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். மூட்டை ஏற்றிய கழுதை அதன் வேகத்தில் எப்போதோ போயிருக்கும். அந்த நேரத்தில் மழை வந்தால், அவரவர் தோளில் என்ன இருக்கிறதோ அதுதான் அவரவருக்கு.

ஆகவே எத்தனை பேரோ அத்தனை பை. ஒவ்வொன்றிலும் மழைச்சட்டை, ஒரு ஸ்வெட்டர், தண்ணீர், தின்ன ஏதாவது, ஒரு விசில், தங்கப்போகும் விடுதியின் பெயரும் அப்பா அம்மா நம்பரும் எழுதிய சீட்டு. மற்றது எந்தப் பையில் போனாலும் பரவாயில்லை. குடை வேண்டாம், கை இரண்டும் காலியாக இருக்கட்டும்.

ஜூன் 9, இரவு

எவ்வளவு எடை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உச்சம், பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 25 கிலோ இருக்கும் பையனுக்கு இரண்டரைக் கிலோ. அதில் அரை லிட்டர் தண்ணீரே அரைக் கிலோ, வெறும் பை இன்னொரு அரைக் கிலோ. மிச்சம் ஒன்றரைக் கிலோவுக்குள் மழைச்சட்டை, ஸ்வெட்டர், தின்பண்டம் எல்லாம் தாராளமாக அடங்கும்.

பள்ளிக்கூடப் பையை நினைத்துக்கொண்டு இதெல்லாம் ஒரு எடையா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடப் பை ஆட்டோவரைக்கும்தான் போகிறது.

பெரியவர்களின் பைக்கு இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்டும்படி. பாரம் இடுப்பில் இறங்க வேண்டும், தோளில் மாட்டும் பட்டை பையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். கனமான பொருளை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள். அடியில் துணி, மேலே மழைச்சட்டை. மழை வரும்போது பையைக் கவிழ்த்துத் தேடும் நிலை வரக்கூடாது.

ஜூன் 11

"மழை வந்தால்" என்று நான் எழுதியதைப் பயமுறுத்தல் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் குடும்பத்தோடு இதே பாதையில் போனபோது காலையில் நல்ல வெயில். பியூந்தர் கிராமத்தைத் தாண்டி, பாலத்துக்கு அப்புறம் ஏற்றம் கடுமையாகும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெருமழை இல்லை, விடாத சாரல். பத்து நிமிடத்தில் காற்றும் சேர்ந்துகொண்டது. நடக்கும் வரை ஒன்றும் தெரியாது, உடம்பு சூடாக இருக்கும், நின்றதும்தான் குளிர் ஏறும். என் பையன் ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற சில நிமிடங்களில் உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டான். அவன் பையிலேயே ஸ்வெட்டர் இருந்தது. நனைந்த பனியனைக் கழற்றி, துடைத்து, ஸ்வெட்டரை மாட்டி, மேலே மழைச்சட்டை, கையில் கடலைமிட்டாய். கால் மணி நேரத்தில் மறுபடி வம்பு பண்ண ஆரம்பித்தான். இருபது நாளாக நான் செய்த ஏற்பாடெல்லாம் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் என்று தோன்றியது.

அதே தார்ப்பாய்க்கு அடியில் வேறொரு குடும்பம். எல்லாப் பையும் கழுதையோடு மேலே போய்விட்டது. அவர்கள் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும், டி-ஷர்ட்டோடு நின்றாள். எங்களிடம் கூடுதலாக இருந்த கம்பளிச் சால்வையைக் கொடுத்தோம். நல்ல மனிதர்கள், வசதியானவர்கள், மூட்டைக்குள் விலை கூடிய ஜாக்கெட் எல்லாம் இருந்ததாம். அது ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

ஜூன் 12

கோவேறு கழுதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப் பை ஒன்றை, மாற்றுடையும் மருந்து மிச்சமும் போட்டு, தாராளமாக ஏற்றுங்கள். அதை ஓட்டுபவருக்கு அதுதான் பிழைப்பு, அந்தப் பருவத்துச் சம்பாத்தியம் ஆண்டு முழுக்க வர வேண்டும். பேசிய கூலியைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

ஆனால் கழுதையும் குதிரையும் காங்கரியா வரைக்கும், அப்புறம் ஹேம்குண்ட் (மலை மேல் ஏரிக்கரையில் இருக்கும் சீக்கியர் குருத்வாரா) பாதையில். தேசியப் பூங்காவான பள்ளத்தாக்குக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை. அங்கே நடைதான், முடியாதவர்களுக்கு முதுகுக் கூடையில் தூக்கிச் செல்பவர்கள் கிடைப்பார்கள்.

ஜூன் 15

துணி. இதில்தான் நம் ஊர்ப் பழக்கம் நமக்கு எதிராக நிற்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

திருச்சி வெயிலுக்குப் பருத்தியை விட்டால் கதியில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். மலையில் பருத்தி நனைந்தால் காயாது. தோலோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் இன்னும் மோசம், நனைந்த ஜீன்ஸே ஒரு சுமை. உள்ளே போடுவதற்குப் பாலியஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் போதும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்புக்கு வாங்கின செட் இருக்குமே, அதுவேதான், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ. அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. தடியான ஒரே ஜாக்கெட்டை விட மெல்லிய மூன்று உடுப்பு நல்லது, ஏறும்போது கழற்றலாம், நின்றால் மாட்டலாம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் தோராயமாக 6 டிகிரி குறையும். காங்கரியா 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. திருச்சி, மதுரையில் இருப்பதை விட 18, 19 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகலில், காய்ந்த உடம்புக்கு.

இரவுக்கென்று ஒரு ஜோடி உடுப்பு, ஒரு ஜோடி காலுறை. இவற்றை என்ன ஆனாலும் பகலில் தொடக்கூடாது. மறுநாள் காலையில் ஈர உடுப்பையே மறுபடி மாட்ட வேண்டியிருக்கும், பிள்ளைகள் அழுவார்கள், மாட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, கணவர் உட்பட.

தடித்த டர்க்கி டவல் எடுக்காதீர்கள். நம் ஈரிழைத் துண்டு போதும், பாதி எடைகூட இருக்காது, பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடும். தலையில் கட்டலாம், கழுத்தில் சுற்றலாம். பருத்தியில் நான் அனுமதிக்கும் ஒரே பொருள்.

படுக்கைக்கு ஒன்றும் வேண்டாம். விடுதிகளில் கனமான ரஜாய் (பஞ்சடைத்த போர்வை) தருவார்கள், காங்கரியா குருத்வாராவில் கம்பளி தருவார்கள்.

ஜூன் 16

பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பி இருக்காதீர்கள். முதுகுப் பக்கம் திறந்திருக்கும், வழியும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். பைக்குள் முதலில் பெரிய கருப்புக் குப்பைக் கவரை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி வாயை முறுக்கிச் செருகுங்கள். செல்போன், பணம், ஆதார் அட்டை, மருந்து தனித்தனி ஜிப் கவரில்.

ஜூன் 20

ஷூ எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு: இன்றைக்கே. வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழகாத ஷூவோடு போகாதீர்கள். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பி இருக்கும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, முன்னால் பெருவிரல் இடிக்காமல் அரை அளவு பெரிதாக எடுங்கள். இறங்கும்போது விரல்தான் அடி வாங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லாருக்கும் நகம் வெட்டிவிடுங்கள்.

நடந்து பழக எங்களுக்குத் திருச்சி மலைக்கோட்டை இருந்தது. விடியுமுன் பையை மாட்டிக்கொண்டு உச்சிப் பிள்ளையார் வரை ஏறி இறங்குவோம். பைக்குள் அரிசிப் பொட்டலம், முதல் வாரம் ஒரு கிலோ, அப்புறம் கூட்டிக்கொண்டே போனோம். படியில் தேங்காய்மூடி விற்கும் அம்மா எங்களைப் பார்த்து என்ன வேண்டுதல் என்று கேட்டார். பையன் "பாப்பி" என்றான். இமயமலையின் நீலப் பாப்பிப் பூவைச் சொல்கிறான் என்று நாங்கள் விளக்கி முடிக்க நாலு நாள் ஆனது.

உங்களுக்கு மதுரையில் அழகர்கோயில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை, அதற்கு மேல் நூபுர கங்கை வரை சாலையிலேயே நடந்து ஏறுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது, பையோடு. குரங்குகள் உண்டு, தின்பண்டத்தை வெளியே தெரிய வைக்காதீர்கள்.

இந்த நடையில்தான் யாருக்கு எந்தப் பட்டை உரசுகிறது, யார் தண்ணீர் குடிக்க மறக்கிறார்கள், யார் வாய் திறக்காமல் வலியைப் பொறுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். என் மகள் மூன்றாவது ரகம். குதிகாலில் கொப்புளம் உடைந்த பிறகுதான் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: எங்கேயாவது சூடாக உரசினால் உடனே நிற்கலாம், எல்லாரும் நிற்போம், யாரும் முகம் சுளிக்கமாட்டோம். உரசும் இடத்தில் உடனே மைக்ரோபோர் டேப் (மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்) ஒட்டிவிட்டால் கொப்புளமே வராது.

ஜூன் 21

பத்தில் ஒரு பங்குக் கணக்கில் ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். ஒல்லியான பிள்ளைக்கு அதையும் குறைக்கலாம். என் பையனுக்கு மதியத்துக்கு மேல் தண்ணீர் பாட்டிலை அவன் அப்பா வாங்கிக்கொள்வது என்று வைத்தோம். ஆனால் பையை மட்டும் முழுசாக வாங்கவே இல்லை. சோர்ந்தபோது பொருளை எடுத்தோம், பை அவன் முதுகிலேயே இருந்தது. தன் பையைத் தானே காங்கரியாவில் இறக்கி வைத்தான் என்ற பெருமை அவனுக்கு இன்னும் இருக்கிறது.

ஜூன் 23

சாப்பாடு பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். அடுப்பு, கேஸ் எதுவும் எடுக்காதீர்கள். ரயிலில் எரிவாயு, மண்ணெண்ணெய் கொண்டுபோவது குற்றம், விமானத்திலும் தடை. அந்தப் பாதையில் அது தேவையும் இல்லை, வழிநெடுகக் கடைகள், காங்கரியாவில் தாபாக்கள், குருத்வாராவில் லங்கர் என்னும் இலவசச் சாப்பாடு. சூடான ரொட்டியும் பருப்பும் கிடைக்கும். சோறுதான் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும், அரிசி மெதுவாக வேகும், அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

நம் கையிலிருந்து போக வேண்டியது இரண்டு வகை. ரயிலுக்கு ஒன்று, நடைக்கு ஒன்று.

ரயிலுக்கு, திருக்குறள் எக்ஸ்பிரஸில் போவதாகச் சொன்னீர்கள், முதல் நாளுக்கு எண்ணெய் தடவிய பொடி இட்லி, அதற்கப்புறம் புளியோதரை. இரண்டாவது இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம்.

நடைக்குக் கடலைமிட்டாய்க்கு நிகர் இல்லை. கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்பே நம் வயிறு கொடுத்துவிட்டது. எள்ளுருண்டை நல்லது. பொரிவிளங்காய் உருண்டை அதைவிட நல்லது, வாரக்கணக்கில் கெடாது, ஆனால் பல் விழும் வயதுப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுங்கள். உப்புக்குக் கொஞ்சம் தட்டை, வறுத்த வேர்க்கடலை. இனிப்பு மட்டுமே எடுத்துப் போனால் இரண்டாம் நாள் யாரும் தொடமாட்டார்கள்.

ஒவ்வொருவர் பையிலும் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று பெயர் எழுதிக் கட்டிவையுங்கள். பொது டப்பாவில் வைத்தால் சண்டை வரும், மேலும் டப்பா வைத்திருப்பவர் எப்போதும் பின்னால்தான் வருவார்.

சாப்பிட்ட கவரைப் பையிலேயே திரும்பக் கொண்டுவர ஒரு காலிக் கவர் வையுங்கள். பள்ளத்தாக்குக்குள் ஒரு காகிதம்கூட விழக்கூடாது. கிராமத்து மக்கள் குழு வைத்துப் பெருக்கிச் சுமந்து இறக்குகிறார்கள்.

ஜூன் 24

ஸ்டீல் பாட்டில் வேண்டாம், வெறும் பாட்டிலே கனம். கனமில்லாத, நல்ல பிளாஸ்டிக் பாட்டில் போதும். பாட்டிக்கு மட்டும் சின்ன ஃபிளாஸ்க், வெந்நீரோடு.

தேங்காய் எண்ணெயை வாய் அகன்ற சிறு டப்பாவில் எடுங்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும் வராது.

ஜூன் 29

உயரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தினம் ஓடுகிறவருக்கும் வரும். ஹரித்வாரிலிருந்து ஒரே மூச்சில் போகாமல் ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்குங்கள், முடிந்தால் இரண்டு. (2024இல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பலகையில் அப்படி இருந்தால் குழம்பாதீர்கள்.) காங்கரியா போன மறுநாள் பள்ளத்தாக்கு, அதற்கு அடுத்த நாள் ஹேம்குண்ட். வரிசையை மாற்றாதீர்கள். ஹேம்குண்ட் 4,000 மீட்டருக்கு மேல், ஏற்றமும் செங்குத்து, அங்கே இரவு தங்க முடியாது, அன்றே இறங்கியாக வேண்டும்.

சின்னப் பிள்ளை தலைவலியைத் தலைவலி என்று சொல்லமாட்டான். சாப்பிடமாட்டான், சிணுங்குவான், விளையாடமாட்டான். சந்தேகம் வந்தால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்கிவிடுங்கள். இறங்குவதுதான் மருந்து. பூ அடுத்த வருடமும் பூக்கும்.

அம்மாவை அழைத்துப் போகுமுன் இதய, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்து, இந்த உயரத்துக்குப் போகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். "மலைக்கோயிலுக்குப் போகிறோம்" என்றால் அவர் பழனியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்.

ஜூலை 3

மருந்துப் பை: பாராசிட்டமால் (பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்), ஓ.ஆர்.எஸ்., வயிற்றுப்போக்கு மருந்து, டேப், களிம்பு, அவரவர் வழக்கமான மாத்திரை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், முழுக்க வளைவு. மலை ஏறுவதை விட இந்தச் சாலைதான் என் மகளைப் படுத்தியது. காய்ந்த உப்பு நாரத்தங்காய் எடுத்துப் போங்கள், ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் அடங்கும். எங்கள் வண்டி ஓட்டுநருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம், இறங்கும்போது டப்பாவையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 8

குடை வேண்டாம் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு என் அத்தை (மாமியார்) ஆட்சேபணை தெரிவிக்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: காட்டுக்குள் காற்றில்லாத மழையில் குடைதான் சுகம், மழைச்சட்டைக்குள் வியர்த்து நனைவதை விட மேல், கடையில் உட்கார்ந்தால் முதுகுச் சாரலுக்கும் மறைப்பு. ஒப்புக்கொள்கிறேன், குழுவுக்கு ஒரு சின்ன மடக்குக் குடை எடுங்கள். ஆனால் குதிரை மேல் உட்கார்ந்து விரிக்கக்கூடாது, அது மிரளும்.

புடவை கட்டும் அம்மாக்களுக்கு அத்தையின் ஏற்பாடு: சிந்தெடிக் புடவை, கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டி, உள்ளே கம்பளி லெகிங்ஸ், நன்றாகப் பிடிக்கும் ஷூ, தலைக்கு மங்கி குல்லா. வெறும் செருப்பு கண்டிப்பாகக் கூடாது.

ஜூலை 14

ஆகஸ்ட் பூவுக்கு நல்ல மாதம், சாலைக்குக் கெட்ட மாதம். மண் சரிந்து சாலை மூடினால் ஒரு நாள் அப்படியே நிற்கும். திரும்பும் ரயிலுக்கு முன்னால் இரண்டு நாள் காலியாக வையுங்கள். ஒரு நாள் மிச்சமானால் ஹரித்வாரில் கங்கை இருக்கிறது, வீணாகாது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் இருக்கும் ஊரிலேயே தங்கிவிடுங்கள், முன்பணம் போனால் போகிறது.

பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ரொக்கம்தான் பேசும். ஹேம்குண்டுக்கு உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவைக் கிளம்புமுன் செய்து, தாளில் அச்செடுத்து வையுங்கள்.

ஜூலை 22

இது பை கட்டும் விஷயம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குக்குள் ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. பூச்செடிகள் சேகரிக்க வந்தவர், 1939இல் பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். ஈரப் பாறையில் ஓடாதே என்று காலையிலிருந்து நான் கத்தியதெல்லாம் ஏறாத காதில் அந்தக் கல் பக்கத்தில் ஏறியது. திரும்பும்போது என் மகள்தான் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பூப் பறிக்கக்கூடாது, வரையலாம். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கலங்கும்.

ஜூலை 27

பைகளை எடை போட்டு நீங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். தராசில் மகன் பை ஒன்றே முக்கால் கிலோ, அருமை. உங்கள் பைதான் பதினாறு, அதில் மூன்று கிலோ இறக்க வேண்டும். மூன்றாவது பேன்ட், பெரிய ஷாம்பு, பெட்ஷீட், கேமராவின் இரண்டாவது லென்ஸ் எல்லாம் வெளியே. பவர் பேங்க் ஒன்று போதும், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ராத்திரி போனோடு சேர்த்து ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் கண்ணில் படவில்லை. காங்கரியாவில் மின்சாரம் போனால் கழிவறைக்குப் போக வழி தெரியாது, ஆளுக்கொன்று வேண்டாம், குறைந்தது இரண்டு எடுங்கள், தலையில் மாட்டுவதாக இருந்தால் நல்லது. ரயிலில் பெர்த்துக்கு அடியில் பைகளைக் கட்ட ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாம்.